பொன்னாடை போர்த்துவோர்க்கு ஒரு பொன்னாடை

சுங்கைப் பட்டாணியில் விளையாட்டு வீரர்களை மதிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்று சொல்பவர், இந்த ஊரின் மண்டபம் எதிலும் காலடி வைத்திருக்க மாட்டார். இங்கே ஒரு பிள்ளை பதக்கம் வாங்கிவிட்டால் மறுநாளே பதாகை எழும். வாழ்த்துவோர் பன்னிருவர் என்றால் பன்னிருவர் பெயரும் டத்தோ, டத்தின், டாக்டர் என்ற பட்டங்களோடு, யாருக்குப் பின் யார் என்ற வரிசை பிசகாமல் அச்சேறும். மாலையின் கனம், பொன்னாடையின் சரிகை, நினைவுச் சின்னத்தின் பளபளப்பு எதிலும் குறை இராது. மாதிரிக் காசோலையை ஏந்திப் பிடிக்க நான்கு பேர் வேண்டும். அந்த நான்கு பேரும் தயாராக இருப்பார்கள். இத்தனை கவனத்தோடு விளையாட்டைப் போற்றும் பெரியோர்களுக்கு இதுவரை யாரும் ஒரு பொன்னாடை போர்த்தியதில்லை. ஒருவராவது அதைச் செய்தாக வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உங்கள் பொறுமையைப் புகழ வேண்டும். எஸ். சிவசங்கரி இந்த ஊரில் 1999ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பிறந்தவர். 2018இல் ஜாகர்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஸ்குவாஷ் பெண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் அவருக்கு எதிரே நின்றவர் எட்டு முறை உலகப் பட்டம் வென்ற நிக்கோல் டேவிட். பத்தொன்பது வயதுப் பெண் அந்த மாபெரும் ஆட்டக்காரரோடு மோதி வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார். 2022 ஜூன் மாதம் கோலாலம்பூர் நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் முகத்திலும் கழுத்திலும் அடிபட்டது. பெர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டு கைவிட்டுப் போனது. கழுத்தில் அடிபட்ட ஒருவர் மறுபடியும் ஸ்குவாஷ் ஆடுவதென்றால் என்னவென்று அந்தக் களத்துக்குள் ஒருமுறை நின்றவர்களுக்குத் தெரியும். பந்து பக்கச் சுவரில் பட்டுப் பின்சுவருக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் தலை திரும்ப வேண்டும்; திரும்பிய தலையோடு உடல் வளைய வேண்டும்; வளைந்த உடலோடு அடுத்த அடி முன்சுவரை நோக்கிப் பாய வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு 11 புள்ளி, ஐந்து ஆட்டத்தில் மூன்று. அதை ஆடித்தான் அவர் 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கத்தை வென்றார். 2024இல் லண்டன் கிளாசிக் இறுதியில் எகிப்தின் ஹனியா எல் ஹமாமியை வீழ்த்தினார். எகிப்தியப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் கட்டி ஆளும் ஆட்டம் அது. அங்கே போய் நின்றது ஒரு சுங்கைப் பட்டாணிப் பெண்.

இப்படி ஒரு பிள்ளை உருவாகும் வருடங்களில் நம் மண்டபங்கள் அவசரப்படுவதே இல்லை. ஸ்குவாஷ் களம் கட்டுவதும் பராமரிப்பதும் செலவு பிடிக்கும் காரியம். ஒரு நேரத்தில் இருவர்தான் அதில் ஆடமுடியும். மட்டை உடையும், காலணி தேயும், போட்டிக்குப் போட்டி பயணச் செலவு கூடும். ஓரளவு தேறியதும் ஊரை விட்டுப் புறப்பட்டு, புக்கிட் ஜாலிலில் இருக்கும் தேசியப் பயிற்சி மையத்தை நோக்கிப் போக வேண்டும். பெற்றோரின் சம்பளமும் விடுமுறையும் அதிலே கரையும். அந்தக் காலம் முழுவதும் அந்தக் குடும்பத்தின் மன அமைதியை நாம் கலைப்பதில்லை. கதவைத் தட்டி என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. பதக்கம் கழுத்தில் ஏறிய பிறகே, இனி எந்த உதவியும் தேவைப்படாது என்பது உறுதியான பிறகே, நாம் உதவிக்கு வருகிறோம். இன்று நம் ஊரின் ஏதோ ஒரு தாமானில் எட்டு வயதில் ஓடிக்கொண்டிருக்கும் அடுத்த பிள்ளையை நாம் சந்திக்கப்போகும் நாளும் இப்போதே தீர்மானமாகிவிட்டது. அவள் பதக்கத்தோடு விமானத்தை விட்டு இறங்கும் நாள் அது.

அடுத்து, பழையதைப் பாதுகாக்கும் பண்பு. இதில் சுங்கைப் பட்டாணியை மட்டும் சொன்னால் நாட்டிலுள்ள மற்ற தமிழர்கள் வருத்தப்படுவார்கள். எல்லோரும் சேர்ந்து செய்த பணி இது. டாக்டர் எம். ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் தொடர் ஓட்டம் என மூன்று தங்கம் வென்றார். இரண்டு ஆண்டு கழித்து, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். மருத்துவம் படித்துக்கொண்டே ஓடிய மனிதர் அவர். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டு நின்றது. 2017இல்தான் கைருல் ஹாஃபிஸ் ஜந்தான் 20.90 ஓடி அதைத் தாண்டினார். அரை நூற்றாண்டில் ஒரு நாடு முன்னேறிய தூரம் ஒரு வினாடியில் நூற்றில் இரண்டு பங்கு. அந்த அரை நூற்றாண்டிலும் அவரைத் தாண்டி ஓடி அவர் மனத்தைப் புண்படுத்த நம் பிள்ளை ஒருவனையும் நாம் தயார் செய்யவில்லை.

மற்றவர்களுக்கும் இதே மரியாதைதான். 800 மீட்டரில் பி. ராஜ்குமார் 1985இல் ஓடிய 1 நிமிடம் 47.37 வினாடி முப்பது ஆண்டைக் கடந்தும் கலையாமல் இருந்தது. ஜி. சாந்தி 1993இல் 100 மீட்டரில் பதித்த 11.50 வினாடியும் அப்படித்தான், இரண்டு தலைமுறை மாணவிகள் பள்ளியை விட்டுப் போகும்வரை அசையவில்லை. எம். ராமச்சந்திரன் 1994இல் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் வைத்த நேரங்களை இருபது ஆண்டுக்குப் பிறகும் யாரும் தொடவில்லை. 1966 ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம் வென்று, அதே ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு விருதில் முதல் விளையாட்டு வீராங்கனையாகப் பெயர் பெற்றவர் எம். ராஜமணி. 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றவர் ஜி. சரவணன், அந்த வெயிலில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் நடந்தார். இந்தப் பெயர்களை மேடையில் உச்சரிக்கும்போது நம் பேச்சாளர்களின் குரல் தழுதழுக்கும். அது நடிப்பில்லை, நெஞ்சிலிருந்து வருவதுதான், எனக்கும் அப்படித்தான் வரும். அதனால்தான் அவர்களுக்குப் பின் யார் என்ற கேள்வியை நாம் யாரும் மேடையில் எழுப்புவதில்லை. தழுதழுத்த குரலில் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

இனி, பயிற்றுநர்கள். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் பெருமையின் உச்சம் இங்கேதான் இருக்கிறது.

நம் சங்கக் கட்டடங்களில் கண்ணாடி அலமாரிகள் உண்டு. உள்ளே சுழற்கிண்ணங்கள், கேடயங்கள், வெள்ளி முலாம் பூசிய கோப்பைகள். தூசி தட்டி, துணி கொண்டு துடைத்து, பூட்டுப் போட்டு வைத்திருப்போம். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலும், அங்கே தூது போன ஔவையாரும் எனக்கு நினைவுக்கு வருவார்கள். நெய் பூசி மாலை சூட்டிக் காவலில் வைத்த வேல்களைக் கண்டு அவர் வியந்தார். தம் மன்னன் அதியமானின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதை அங்கேயே சொன்னார். நம் அதியமான்களின் கருவிகள் எங்கே கிடக்கின்றன என்று தேடினால், ஏதோ ஒரு பழைய புரோட்டான் காரின் பின்பெட்டியில் கிடக்கும். கயிறு பிரிந்த பந்து வலை, மூடி உடைந்த நிறுத்தக் கடிகாரம், பிள்ளைகள் கால் வளர்ந்து விட்டுப்போன காலணிகள். அவற்றில் நல்லதைத் தேர்ந்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க எடுத்து வைத்திருப்பார்கள்.

அந்தக் காரின் சொந்தக்காரர் பெரும்பாலும் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர், இல்லாவிட்டால் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவர். காவல்துறையிலோ ராணுவத்திலோ ஓடிப் பழகி ஓய்வு பெற்றவரும் உண்டு. மாலை ஐந்தரைக்குத் திடலில் இருப்பார். மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைச் சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போவார்; எம்.எஸ்.எஸ்.கே. என்று நாம் சொல்லும் மாநிலப் பள்ளிகள் போட்டிக்கு அலோர் ஸ்டார் வரை போவார். காலை உணவுக்கு நாசி லெமாக் பொட்டலம் அவர் காசு. ஸ்பைக்ஸ் காலணி வாங்க முடியாத பிள்ளைக்கு அவர் காசு. ஒரு பிள்ளை எம்.எஸ்.எஸ்.எம். தேசியப் போட்டிவரை போய்விட்டால், விளையாட்டுப் பள்ளி அந்தப் பிள்ளையை எடுத்துக்கொள்ளும். அன்றிலிருந்து அவனுடைய பயிற்றுநர் வேறொருவர். இவர் மறுபடியும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையை எப்படி வீசவேண்டும் என்று முதலிலிருந்து சொல்லித் தருவார்.

அந்த மனிதரின் தொண்டுள்ளத்தை நாம் எவ்வளவு தூய்மையாகக் காத்து வருகிறோம்! பணம் என்ற மாசு அதில் படவிடவில்லை. பெட்ரோலுக்குக்கூடக் கொடுத்ததில்லை. அவர் பிள்ளைகளில் ஒருவன் பதக்கம் வாங்கி வரும் நாளில் விழாவுக்கு அவரையும் அழைக்கிறோம். மூன்றாவது வரிசையில் உட்காரவைக்கிறோம். முன் வரிசை பாராட்டுவோருக்கு. நேரம் மிஞ்சினால் அவர் பெயரும் ஒலிபெருக்கியில் வரும். அவருக்கு எழுபது வயதாகி, முட்டி தேய்ந்து, இனித் திடலுக்கு வரமாட்டார் என்று ஆனதும், வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுக்கிறோம். வாழ்நாளில் குறுக்கிடாமல் அது முடியும்வரை காத்திருந்து கொடுப்பதால்தான் அந்த விருதுக்கு அந்தப் பெயர் அவ்வளவு பொருந்துகிறது. ஒலிம்பிக்கில் தங்கம் வெல்பவருக்கு அரசாங்கம் பத்து லட்சம் வெள்ளி அறிவித்திருக்கிறது. ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர்களுக்கு மாதாந்திர ஓய்வூதியமும் உண்டு. வேண்டியதுதான், கொடுக்கட்டும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் கால் நேராக விழவில்லை என்பதை முதலில் கண்டு திருத்திய மனிதருக்கு எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை. பட்டியல் போடுவது அரசாங்கத்தின் வேலை என்று நாம் ஒதுங்கிக்கொண்டதுதான் நம் பணிவு.

கே. ராஜகோபாலை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பயிற்சியில் 2009இல் சீ விளையாட்டுப் போட்டியின் கால்பந்துத் தங்கம் இருபது ஆண்டுக்குப் பின் மலேசியாவுக்குத் திரும்பியது. 2010 டிசம்பரில் தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணம் முதன்முறையாக நாட்டுக்குக் கிடைத்தது. புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3–0 என வென்று, ஜாகர்த்தாவில் 1–2 எனத் தோற்று, மொத்தக் கணக்கில் வென்ற அந்த இரவு பீடோங்கிலும் பாடாங் செராயிலும் கூலிமிலும் யாரும் சீக்கிரம் தூங்கியிருக்க முடியாது. டிசம்பர் 31ஆம் நாளை அரசாங்கம் பொது விடுமுறையாக அறிவித்தது. ஒரு தமிழ்ப் பயிற்றுநரின் வேலையால் ஒரு நாடே ஒரு நாள் வேலை செய்யவில்லை. அப்படி ஒரு பெருமை நமக்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

நாமும் அந்த விடுமுறையை முறையாகக் கொண்டாடினோம். பயிற்றுநர் ஆவது திடீரென்று நடப்பதில்லை. கால்பந்தில் அதற்கு டி, சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக உரிமச் சான்றிதழ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் வகுப்பு உண்டு, கட்டணம் உண்டு, வேலையிலிருந்து விடுப்பு எடுக்க வேண்டும். ஆட்டத்தை நன்கு அறிந்த எத்தனையோ இளைஞர்கள் அந்த முதல் படியில் கால் வைக்கப் பணமில்லாமல் நிற்கிறார்கள். ஒரு பாராட்டு விழாவின் பந்திச் செலவில் அவர்களில் சிலரை அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அடுத்த ராஜகோபால் வந்துவிடுவார், முதலாமவரின் தனிச்சிறப்புக் குறைந்துவிடும். அதை நாம் விரும்பவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய அடக்கம் ஒன்றும் உண்டு. கோல மூடாவில், குனோங் ஜெராயின் அடிவாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்திலும் அதைச் சுற்றியிருந்த மற்ற பால்மரத் தோட்டங்களிலும் லயத்து வீடுகளுக்கு நடுவில் நான்கு இடங்கள் தவறாமல் இருந்தன: கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, திடல். திடலில் புல் ஒரே சீராக இராது; ஒரு பக்கம் சரிந்திருக்கும். மழை பெய்தால் ஒரு மூலை குளமாகும். ஆனால் அந்தத் திடலில் காசு கேட்பவர் யாரும் இல்லை. அதிகாலையில் பால்வெட்டப் போனவர் மாலையில் அங்கேதான் பந்து உதைத்தார். தோட்டத்துக்குத் தோட்டம் குழு இருந்தது; ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு லாரியில் ஏறிப் போனார்கள். காலில் காலணி இல்லாமல் ஆடியவர்கள் அதில் பாதி.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போன இடங்களில் தாமான்கள் எழுந்தன. தோட்டம் கைமாறிய ஒவ்வொரு தடவையும் நம் தலைவர்கள் நிர்வாகத்தோடு பேசினார்கள். கோயிலுக்கு இடம் கேட்டார்கள். பள்ளிக்கு இடம் கேட்டார்கள். சுடுகாட்டுக்கும் இடம் கேட்டார்கள். கேட்க வேண்டியவைதான், கேட்டதற்காக அவர்களை எப்போதும் கையெடுத்துக் கும்பிடுவேன். திடலைக் கேட்க மட்டும் கூச்சப்பட்டார்கள். சாமிக்கும் படிப்புக்கும் இறந்தவர்களுக்கும் இடம் கேட்டபின், ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கும் இடம் கேட்பது பேராசையாகத் தோன்றியிருக்கலாம். அதன் பலனாக, இன்று தாமானில் வளரும் பிள்ளை ஃபுட்சால் களத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டி ஆடுகிறான். கட்ட முடியாதவன் கைப்பேசியில் ஆடுகிறான். ஒரு மாணவருக்கு ஒரு விளையாட்டு என்ற கொள்கையை அரசாங்கம் 2011இல் கொண்டு வந்தது. மாணவர் இருக்கிறார், விளையாட்டும் இருக்கிறது. பல பள்ளிகளில் இரண்டும் சந்திக்க இடந்தான் இல்லை.

நாடு தழுவிய அளவில் நாம் காட்டிய சிக்கனத்துக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் பெயரில் ஒரு குழு முட்டி மோதி மேலேறி, 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. பின்னர் அது பெட்டாலிங் ஜெயா சிட்டி ஆகி, சூப்பர் லீக்கில் கடைசிப் பருவங்களில் வெளிநாட்டு ஆட்டக்காரர் இல்லாமல் உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்தே பெரிய குழுக்களோடு மோதியது. பி. மணியம் பயிற்றுநராக இருந்தார். எங்கிருந்தோ வந்த தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தச் சட்டையில் ஓர் இடம் இருந்தது. 2022 பருவத்தோடு அந்தக் குழு லீக்கை விட்டு விலகியது. அது இருந்த நாள்களில் அரங்கின் நாற்காலிகள் நமக்காகக் காத்திருந்தன. நாம் வீட்டில் இருந்தே ஆதரவு கொடுத்தோம். அது விலகியபோது நாம் எழுதிய இரங்கல் பதிவுகள் உருக்கமானவை. அவற்றில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த உருக்கத்தில் பத்தில் ஒரு பங்கு நுழைவுச்சீட்டாக மாறியிருந்தால் இரங்கல் எழுதும் வாய்ப்பே நமக்குக் கிடைத்திருக்காது.

எல்லாப் புகழும் நமக்கே என்று சொல்லிவிட்டு நான் எழுந்துவிடலாம். ஆனால் இதே கெடா மண்ணில் வேறு விதமாக நடந்துகொண்ட தமிழர்களும் இருந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் வீதிக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுக்காரர்கள் தங்கள் சொற்பச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் சில வெள்ளியை எடுத்துக் கொடுத்தார்கள். அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் புக்கிட் சிடிம். அது நம் கெடாவில்தான் இருக்கிறது. வெற்றி வரும், வந்தபின் மாலை போடலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. என்ன ஆகும் என்று தெரியாத நாளில் காசை முதலில் வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்த அந்த ஒன்று, பட்டங்களோடு பதாகையில் நிற்கும் நமக்குத் தெரியாமல் போய்விட்டது.

சுங்கைப் பட்டாணி மணிக்கூண்டு 1936இல் லிம் லியன் தெங் என்ற வணிகரின் கொடையில் எழுந்தது. அது இன்றும் நிற்கிறது. அவர் பெயரும் நிற்கிறது. பெயர் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறே இல்லை. திடலுக்கு விளக்குக் கம்பம் போட்டு அதில் உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நூறு பிள்ளைகளுக்குக் காலணி வாங்கி, பெட்டியின் மேல் உங்கள் படத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு பயிற்றுநரின் உரிமக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, அதற்கு மூன்று பதாகை வையுங்கள்; நான் வந்து நின்று கைதட்டுகிறேன்.

அடுத்த விழாவுக்கு மண்டபம் பதிவு செய்யக் கிளம்புமுன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தாமானில் மாலை ஐந்தரைக்குப் பிள்ளைகளை ஓடவைத்துக்கொண்டு ஒருவர் இருப்பார். அவரிடம் போய், என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர் தயங்குவார், ஒன்றும் வேண்டாம் என்பார். நகராமல் நில்லுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, இந்த மாதச் சம்பளத்திலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.